தள்ளுபடியாகமமும் இணைத்திருமுறையும்
கிறித்தவப் பிரிவினர்தம் மறைநூற்றொகை வேறுபாடு

வேதத்தைப் பொதுநூலென்றும் ஆகமத்தைச் சிறப்புநூலென்றும் கொள்ளுதல் சைவ சித்தாந்த மரபு. இவ்விரு சொற்களையும் கூட்டி 'வேதாகமம்' என ஒரு பெயராக்கித் தம் மறைநூற்குச் சூட்டினர் தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவர். அதன் முதலைந்து நூல்களும் அவர்பால் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என வழங்கும். கத்தோலிக்கரோ 'விவிலியம்' என்பர். பெயர் இரண்டாயினும் நூல் ஒன்றே எனச் சைவருட் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. நூல்களின் தொகையிலேயே அவர்க்குள் வேறுபாடுண்டு. பரமத ஆராய்ச்சியிற் புகுவார் இதனை முதற்கண் அறிதல் வேண்டும்.

கோயம்புத்தூர் ஒன்றனை நோக்கினும் இவ்வேறுபாடு விளங்கும். கொங்கு நாட்டிற் கத்தோலிக்கரது பணி மிகப் பழையது. பாரிசு நகரத்து அயல்நாட்டு மிஷன் சபையார் காலத்தில், புதுச்சேரியினின்றும் பிரிந்த கோவைப் பகுதி 1850-இல் தனி ஆட்சிப் பகுதியாகி, 1886-இல் மேற்றிராசனமாயிற்று. இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் அடிஸ் பாதிரியார் 1830-இல் இந்நகரிற் பணிதொடங்கினார். அவ்வழிவந்த சபைகள் ஆங்கிலத் திருச்சபையார் முதலாயினாரோடு கூடி 1947-இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையிற் கலந்தன. லூதர் சபையாரும், பாலக்காட்டுக் கணவாய்வழி மலையாள நாட்டினின்றும் வந்த சுரியானிக் கிறித்தவரும் இந்நகரில் உளர். இவரனைவரும் கிறித்தவரேயாயினும் மறைநூற்றொகையில் ஒருபடித்தாயினாரல்லர்.

சீர்திருத்தச் சபையார் கொள்ளும் நூல்கள் 66. பழைய ஏற்பாட்டில் 39, புதிய ஏற்பாட்டில் 27. கத்தோலிக்கர் கொள்வன 73. புதிய ஏற்பாட்டில் இருவர்க்கும் மாறுபாடில்லை. பழைய ஏற்பாட்டிலேயே ஏழு நூல்கள் மிகும். அவை தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு என்பன. இவையன்றி எஸ்தர், தானியேல் என்னும் நூல்களிலும் சில பகுதிகள் மிகுதியாக உள்ளன. இவற்றைத் தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவர் 'தள்ளுபடியாகமம்' என்றனர். கத்தோலிக்கர் 'இணைத்திருமுறை' என்கின்றனர். ஒருவர் ஆகமம் என்னும் சொல்லையும், மற்றவர் திருமுறை என்னும் சொல்லையும் சைவ வழக்கினின்றும் எடுத்துக்கொண்டு, ஒரே நூற்றொகுதியைத் தள்ளத்தக்கதென்றும் கொள்ளத்தக்கதென்றும் பெயரானே காட்டியது கருதத்தக்கது.

இவ்வேறுபாட்டின் தோற்றம் பழையது. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர் தம் எபிரேய மறையைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தனர். எபிரேயத் தொகுதியில் இடம்பெறாத சில நூல்கள் அக்கிரேக்கத் தொகுதியில் வழங்கின. பண்டைக் கிறித்தவருட் பெரும்பாலார் பயின்றது கிரேக்கமே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மறையை இலத்தீனாக்கிய ஜெரோம் என்பார் எபிரேயத்தில் உள்ளனவே முதன்மையுடையன என்றார். அவர் காலத்தவராகிய அகுஸ்தீனார் கிரேக்கத் தொகுதியினவும் கொள்ளத்தக்கன என்றார். 393-இல் இப்போவிலும் 397-இல் கார்த்தேசிலும் கூடிய சங்கங்கள் அகுஸ்தீனார் கருத்தை மேற்கொண்டன. பின்னர் லூதர் தாம் 1534-இல் வெளியிட்ட செர்மானிய மொழிபெயர்ப்பில் அந்நூல்களை வேறுபிரித்து இடையில் வைத்து, மறையோடு ஒப்பனவல்ல, ஆயினும் படித்தற்கு நல்லன என வரையறுத்தார். கத்தோலிக்கரோ 1546-இல் திரெந்து நகரச் சங்கத்தில் அவற்றை மறையேயெனத் துணிந்தனர். ஆங்கிலத் திருச்சபையார் ஒழுக்கத்திற்குப் படிக்கலாம், கொள்கை நாட்டுதற்கு எடுக்கலாகாது என இடைவழி வகுத்தனர்.

இது வெறும் எண்ணிக்கை வழக்கன்று. கொள்கையும் சடங்கும் இதனைச் சார்ந்துள்ளன. மக்கபேயர் இரண்டாம் நூலில், போரில் மாண்டாருடைய பாவம் நீங்குதற்பொருட்டு வேண்டுதலும் பலியும் செய்த செய்தி வருகின்றது. இறந்தோர்க்காக வேண்டுதலையும், உயிர் தூய்மையுறும் இடைநிலையொன்று உண்டென்பதையும் நிறுவுங்கால் கத்தோலிக்கர் இதனைச் சான்றாக எடுப்பர். அந்நூலை மறையென்று கொள்ளாத சீர்திருத்தச் சபையார்க்கு அச்சான்று சான்றாகாது.

தமிழ் அச்சு நூல்களிலும் இவ்வரலாறு பதிந்துள்ளது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிச் சூல்சு என்பார் 1728-இல் முடித்த லூதர் சபையாரது மொழிபெயர்ப்பில் இந்நூல்களும் இடம்பெற்றன. பின்னர், இலண்டனில் 1804-இல் தோன்றிய வேதாகம சங்கம் அவற்றை அச்சிடப் பொருளுதவுவதில்லையென 1826-இல் துணிந்தது. 1871-இல் முடிந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 66 நூல்களையே உடையது. இருசாராரும் கூடிச் செய்து 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பில் இணைத்திருமுறை இரண்டு ஏற்பாடுகட்கும் இடையே தனித்து நிற்கின்றது.

கிழக்குச் சபைகளின் நிலை வேறு. சுரியானி மொழியின் பழைய பெசித்தா மறையில் புதிய ஏற்பாட்டு நூல்கள் 22 மட்டுமே இருந்தன. பேதுருவின் இரண்டாம் நிருபமும், யோவானின் இரண்டாம் மூன்றாம் நிருபங்களும், யூதாவின் நிருபமும், வெளிப்பாட்டு நூலும் அதன்கண் இல. 1599-இல் போர்த்துக்கேசியப் பேராயர் மெனேசிசு மலையாள நாட்டு உதயம்பேரூரிற் கூட்டிய சங்கம் இக்குறையை எடுத்துக்காட்டி, அந்நூல்களைச் சேர்க்குமாறு பணித்தது. எத்தியோப்பியச் சபையாரோ தம் மறைநூல்கள் 81 என எண்ணுவர்.

இனி, இம்மாறுபாட்டின் அடிப்படை யாதென ஆராய்வாம். மறை இறைவனருளால் எழுந்தது என்பதில் இருசாராரும் ஒருப்படுவர். எந்நூல் அவ்வாறு எழுந்தது என்று துணிதற்குரிய அளவை யாது என்பதிலேயே மாறுபடுவர். திருச்சபையின் மரபும் சங்கத்தின் துணிவும் அளவை என்பர் கத்தோலிக்கர். எபிரேயத் தொகுதியின் வரையறையும், நூல் தானே உள்ளத்தில் உணர்த்தும் சான்றும் அளவை என்பர் சீர்திருத்தச் சபையார். நூலே பிரமாணம் என்பார்க்கு, நூல்கள் இவையென வரையறுக்கும் பட்டியல் அந்நூலினுள் இல்லையே என்னும் வினா எழும். சங்கமே வரையறுக்கும் என்பார்க்கு, அனைவரையும் கட்டுப்படுத்தும் துணிவு 1546 வரை தாழ்த்தது என்னை என்னும் வினா எழும். இரண்டிற்கும் அவரவர் விடை கூறுவர்; அவ்விடைகளைக் கேட்டறிதல் ஆராய்வார் கடன்.

சைவர்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. நம்பியாண்டார் நம்பிகள் திருமுறை வகுத்தனர் என்பதும், பெரியபுராணம் பின்னர்ப் பன்னிரண்டாம் திருமுறையாயிற்று என்பதும் யாவரும் அறிந்தன. தொகுத்தமையால் தேவாரத்திற்கு அருண்மை வந்ததன்று; அருண்மை உடைமையாலேயே அது தொகுக்கப்பட்டது. தொகுத்தல் வேறு, பிரமாணமாதல் வேறு என்னும் இத்தெளிவு பிறர் வழக்கை அறிதற்கும் துணையாம்.

சிவஞான சித்தியார் பரபக்கம் பிறர் கொள்கையை முதலில் அவர் கூறுமாறே எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கும். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்துப் பேர்சிவல் பாதிரியார்க்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைசெய்தவர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. 1854-இல் 'சைவதூஷண பரிகாரம்' இயற்றியபோது, எதிரிகள் தாமே உடன்பட்ட நூலினின்றும் சான்று காட்டினமையால் அவர் வாதம் வலிபெற்றது. மக்கபேயர் நூலைக் காட்டிச் சீர்திருத்தச் சபையாரை மறுப்பதும், அந்நூல் இல்லையெனக் கொண்டு கத்தோலிக்கரை மறுப்பதும் பயனில் சொற்களாய் முடியும். எதிர்வாதி எந்நூலைப் பிரமாணமாகக் கொள்வான் என்பதை முன்னர்த் தெளிந்து, அதன் பின்னரே வாதத்திற் புகுதல் நூன்முறையாம்.