உங்களுக்குத் தெரியுமா? எண்ண எண்ண 14... இருப்பதோ 15!

ஜப்பானின் கியோட்டோ நகரில் ரியோஆன்ஜி என்று ஒரு புத்தர் கோயில். அங்கே உள்ள தோட்டத்தில் பூ கிடையாது. மரம் கிடையாது. குளம் கிடையாது. வெள்ளைச் சரளை, கொஞ்சம் பாசி, 15 பாறைகள். தோட்டமே அவ்வளவுதான்!

அந்தப் பாறைகளை எண்ணிப் பாருங்கள். 14 தான் வரும்! கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். ஒளிந்திருந்த பாறை எட்டிப் பார்க்கும், வேறொன்று மறைந்துவிடும். திண்ணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனாலும் 15 பாறைகளும் ஒருசேரக் கண்ணில் சிக்காது!

இதை அமைத்த மகராசன் யார்? இன்றுவரை உறுதியாகத் தெரியாது! ஒரு பாறையின் முதுகில் இரண்டு பேர் பெயர் செதுக்கியிருக்கிறது. கிடைத்த துப்புகளில் அதுவும் ஒன்று!

சுவரையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். எண்ணெயில் கொதிக்கவைத்த களிமண்ணால் எழுப்பிய சுவர் அது. அதில் தெரியும் சித்திரங்களை யாரும் வரையவில்லை. காலங்காலமாக எண்ணெய் கசிந்து தானாகவே விழுந்த கோலம்!

அதே ஊரில் சைஹோஜி. 'பாசிக் கோயில்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். தோட்டம் முழுக்க ஏறக்குறைய 120 வகைப் பாசி! கவனிப்பாரில்லாமல் தோட்டம் கிடந்த காலத்தில் தானாகப் படர்ந்தது. அலட்சியத்தில் பிறந்த அழகு!

நினைத்தவுடன் உள்ளே நுழைந்துவிட முடியாது. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். போனதும் முதலில் கையில் தூரிகை! பௌத்த சூத்திரத்தைப் பார்த்து எழுதிய பிறகுதான் பாசி தரிசனம்!

அதே கியோட்டோவில், வெள்ளி மண்டபம் என்று உலகமே கொண்டாடும் கின்ககுஜி (Ginkaku-ji) கோயிலில் வெள்ளி எவ்வளவு? பொட்டுகூட இல்லை!

ஜப்பானின் சில தோட்டங்களில் காலடி மண்ணே இசைக்கும். குடத்தைத் தலைகீழாகப் புதைத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்க விட்டிருப்பார்கள். மேல் துளை வழியே ஒரு சொட்டு விழுந்தால் போதும், வீணை நரம்பைச் சுண்டியதுபோல 'டிங்'!

அங்கே தோட்டப் பாதையில் கறுப்புக் கயிறு கட்டிய ஒரு சின்னக் கல் கிடக்கிறதா? அதற்கு மேல் போகாதீர்கள். பலகை இல்லை, பூட்டு இல்லை, காவலாளி இல்லை. 'உள்ளே வராதே' என்று சொல்ல அந்த ஒரு கல் போதும்!

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்தது. கியோட்டோவின் தோஃபுகுஜி கோயிலில் 1939-இல் தோட்டக் கலைஞர் ஷிகெமொரி மிரெய் ஒரு தோட்டம் அமைத்தார். பழைய தூண் கற்களை நட்டே சப்தரிஷி மண்டலத்தைத் தரையில் இறக்கிவிட்டார்! கற்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? துறவிகளின் பழைய கழிப்பறையிலிருந்து! மொத்தம் 7!