வியாழனை எக்ஸ்ரேயில் பார்த்த ‘சந்திரா’

புனே பல்கலைக் கழக வளாகத்துக்குள் ‘ஐயூகா’ என்னும் வானியல் மையம் இருக்கிறது. அதன் பேரரங்குக்குச் சூட்டப்பட்டிருப்பது ஒரு தமிழரின் பெயர்: சந்திரசேகர். 1992-ல் இம்மையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தவரும் அவரே.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தார். தந்தைக்கு அங்கே ரயில்வே கணக்கு இலாகாவில் உத்தியோகம். கட்கியிலும் பிம்ப்ரியிலும் உள்ள நம்மவர்களைப் போல, வேலைக்காக ஊரை விட்டு வந்த குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அந்தப் பிள்ளை 1983-ல் நோபல் பரிசு பெற்றார். 1999-ல் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு ‘சந்திரா’ என்று அவர் பெயரே இடப்பட்டது.

குளிர்ந்த கோளில் எக்ஸ்ரேயா?

ஆஸ்பத்திரியில் எலும்பைக் காட்டும் எக்ஸ்ரேயும் வானத்து எக்ஸ்ரேயும் ஒரே இனந்தான். ஆனால் வானிலிருந்து வருவதைப் பூமியின் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. ஆகவேதான் தொலைநோக்கி மேலே போக வேண்டியிருக்கிறது.

வியாழன் எக்ஸ்ரே வீசுவது 1979-ல் ‘ஐன்ஸ்டீன்’ செயற்கைக்கோள் மூலம் தெரிய வந்தது. அதன் மேகங்களோ உறைபனியையும் மிஞ்சிய குளிர்! பிறகு எக்ஸ்ரே எப்படி வரும்? 2000 டிசம்பரில் ‘சந்திரா’ நோக்கியபோது, வட துருவத்தருகே ஓரிடம் 45 நிமிடத்துக்கு ஒரு முறை நாடி போலத் துடித்தது. புதிர் மேலும் வலுத்தது.

2017 ஜூலையில், வியாழனைச் சுற்றும் ‘ஜூனோ’ கலமும் ஐரோப்பாவின் ‘நியூட்டன்’ எக்ஸ்ரே தொலைநோக்கியும் ஒரே சமயத்தில் 26 மணி நேரம் கண்காணித்தன. விடை 2021-ல் வெளியாயிற்று. ‘அயோ’ என்ற துணைக்கோளின் எரிமலைகள் கந்தகத்தையும் ஆக்சிஜனையும் கக்குகின்றன. அவை மின்னேற்றம் பெற்று, வியாழனின் காந்தப் புலத்தில் எழும் அலைகளில் சவாரி செய்து, துருவ வளி மண்டலத்தில் வந்து மோதுகின்றன. அப்போது பிறப்பதே இந்த எக்ஸ்ரே.

நடுப்பகுதியின் கதை வேறு. அங்கே வியாழன் சூரியனின் எக்ஸ்ரேயைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. 2003 நவம்பரில் எடுத்த பதிவுகளைக் கொண்டு இதை விளக்கிய குழுவின் தலைவர், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பணியாற்றிய அனில் பரத்வாஜ்.

பனிக்கடியில் கடல்

அயோ, யூரோப்பா ஆகிய துணைக்கோள்களிலிருந்தும் எக்ஸ்ரே வருவதைச் ‘சந்திரா’ கண்டது. வேகத் துகள்கள் தாக்கும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்ரேயை வெளியிடும். அதைப் பிரித்துப் பார்த்தால், தரையிறங்காமலே மேற்பரப்பில் என்னென்ன இருக்கிறது என்று அறிய வழியுண்டு. யூரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருப்பதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அங்கே உயிர் உண்டா என்ற கேள்விக்கு இதுவும் ஒரு சாவி.

தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28-ஐ ஒட்டி ஐயூகா பொதுமக்களை உள்ளே அனுமதிப்பது வழக்கம். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அந்த அரங்கின் பெயரையும் அவர்களுக்குக் காட்டலாம்.