உவர் நிலத்தில் ஈரமானி

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் ரஸ்தாவில் கிளியனூர் இருக்கிறது. அதற்குக் கிழக்கே கழுவேலி ஏரியும், வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்களும் உள. இத்தகைய கரையோரப் பிரதேசங்களில் ஈரமானி, தானியங்கிப் பாசனம் முதலிய நூதன சாதனங்களைக் கைக்கொள்ளச் சிறு விவசாயிகள் தயங்குவதைப் பழமைப்பற்று என்று கூறிவிடுவது சுலபம். ஆனால் அது சரியன்று.

ஈரமானியையே எடுத்துக்கொள்வோம். மண்ணின் மின்குணத்தை அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடுவது அக்கருவி. உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால், விலை குறைந்த மானிகள் பல, உவர் மண்ணில் உள்ளதைவிட அதிக ஈரத்தைக் காட்டும். அன்றியும், உப்பு மிகுந்த மண்ணில் நீர் இருப்பினும் வேர் அதனை எளிதில் உறிஞ்சமாட்டாது. ஆகவே, கருவி "ஈரம் போதும்" என்று காட்டும்போதே மணிலாச் செடி வாடி நிற்கக்கூடும். அதை நம்பி ஒரு தண்ணீர் தவறவிட்டால், நஷ்டம் கருவியை விற்றவருக்கன்று.

2015-16ஆம் வருஷத்திய விவசாயக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி விஸ்தீரணம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இரண்டு ஏக்கருக்கும் இருபது ஏக்கருக்கும் கருவியின் விலை ஒன்றே.

சர்க்கார் மானியம் உண்டு. சொட்டுநீர்ப் பாசனத்திற்கு, நிர்ணயித்த விலைக்குட்பட்டு, சிறு, குறு விவசாயிகளுக்கு முழுத்தொகையும், ஏனையோருக்கு நூற்றுக்கு 75ம் அளிக்கப்படுகின்றன. ஆனால் அதற்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். பாட்டன் பெயரிலேயே நிற்கும் பட்டாவும், பிரிக்கப்படாத கூட்டுப்பட்டாவும் உள்ளவர் இங்கேயே நின்றுவிடுகிறார். குத்தகைதாரருக்கோ ஏழு வருஷத்திற்குக் குறையாத பதிவுசெய்த ஒப்பந்தம் அவசியம். வாய்மொழிக் குத்தகை செல்லாது. கிராம நிர்வாக அலுவலர்கள் பட்டா மாறுதல் மனுக்களைத் தாமதமின்றி அனுப்புவது, பத்துப் பிரசங்கங்களைவிட அதிகப் பயன் தரும்.

ஒவ்வொருவரும் கருவி வாங்கவேண்டுமென்பதும் இல்லை. 1998ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்களை ஏற்படுத்தத் தொடங்கிற்று. அவற்றுள் ஒன்றான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலையுயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது. கம்ப்யூட்டரைத் தொட்டிராத மீனவரும் அதனால் பயனடைந்தனர். அவ்வாறே ஒரு கிணற்றுப் பாசனக்காரர்கள் சேர்ந்து ஒரே மானியை வைத்துக்கொள்ளலாம். மண்வகை மாறினால் மட்டும் மற்றொன்று வேண்டும்.

வாங்குமுன் அதனைத் தம் நிலத்திலேயே சோதித்தல் அவசியம். மானி நட்ட இடத்து மண்ணை எடுத்து நிறுத்து, 105 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் ஒரு நாள் உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் உண்மையான ஈரம் தெரியும். கோடையிலும் மழைக்குப் பின்னும் உப்பின் அளவு ஒன்றாயிராது. எனவே இச்சோதனையை இருமுறை செய்யவேண்டும்.