சண்டையை வேடிக்கை பார்க்கப் போனார்கள்!
அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரும் சண்டை தந்த பாடம்

தேர் பார்க்கப் போவார்கள். திருவிழா பார்க்கப் போவார்கள். சண்டை பார்க்கப் போவார்களா? அதுவும் சாப்பாட்டுக் கூடையோடு!

போனார்கள். 1861-ம் ஆண்டு ஜூலை மாதம் 21-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் இருந்து குதிரை வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் புறப்பட்டன. பாராளுமன்ற அங்கத்தினர்கள், பத்திரிகை நிருபர்கள், சீமாட்டிகள் எல்லோரும் அவற்றில் இருந்தார்கள். கையில் தூரத்துக் காட்சியைப் பார்க்கும் கண்ணாடி. கூடையில் ரொட்டியும் மதுவும்.

சுமார் 25 மைல் தூரத்தில், புல்ரன் என்ற ஓடைக் கரையில் அன்று சண்டை. "இந்த ஒரே சண்டையில் யுத்தம் முடிந்துவிடும். வெற்றி நமக்குத்தான்" என்று அவர்கள் நம்பினார்கள்.

மாலையில் அதே வண்டிகள் தலைதெறிக்கத் திரும்பி ஓடின. யுத்தமோ மேலும் ஏறக்குறைய 4 ஆண்டுகள் நடந்தது!

அண்ணன் தம்பி சண்டை

1860-ம் ஆண்டு நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

தெற்கு மாநிலங்களில் பருத்தி விவசாயம் பெரிது. அங்கே ஏறக்குறைய 40 லட்சம் கறுப்பு இன மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். சந்தையில் மாடு விற்பதுபோல மனிதர்களை விற்றார்கள். தாய் ஓர் ஊருக்கு, பிள்ளை ஓர் ஊருக்கு என்று பிரிந்தார்கள்.

லிங்கன் ஜெயித்ததும் தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மொத்தம் 11 மாநிலங்கள் சேர்ந்து தனி அரசாங்கம் அமைத்தன. ஜெபர்சன் டேவிஸ் அதன் தலைவர். ரிச்மண்ட் நகரம் அதன் தலைநகரம் ஆயிற்று. வாஷிங்டனுக்கும் ரிச்மண்டுக்கும் சுமார் 100 மைல்தான்!

1861 ஏப்ரல் 12-ந் தேதி சம்டர் கோட்டையின் மீது தெற்கத்தியார் பீரங்கியால் சுட்டார்கள். கோட்டை விழுந்தது. ஆனால் அந்தப் பீரங்கித் தாக்குதலில் ஒருவர்கூடச் சாகவில்லை. யுத்தம் எவ்வளவு கொடியது என்பதை மக்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

லிங்கன் 75,000 தொண்டர்களைப் படையில் சேர அழைத்தார். எத்தனை காலத்துக்குத் தெரியுமா? 90 நாட்களுக்கு! மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்ற நினைப்பு.

"புறப்படு ரிச்மண்டுக்கு!"

வடக்கே பத்திரிகைகள் கூச்சல் போட்டன. "ஏன் தாமதம்? ரிச்மண்டைப் பிடியுங்கள்!" என்று மக்களும் கேட்டார்கள்.

வடக்குப் படையின் தளபதி மெக்டவல். பெரிய படையைப் போர்க்களத்தில் நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. அவருடைய சிப்பாய்களில் பெரும்பாலோர் நேற்றுவரை கடையிலும் வயலிலும் வேலை செய்தவர்கள். பயிற்சிக்கு இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும் என்றார் மெக்டவல். எதிரிகளும் புதியவர்கள்தானே என்று லிங்கன் பதில் சொன்னாராம். 90 நாள் கெடுவும் முடியப்போகிறது. தளபதிக்கு வேறு வழி இல்லை.

ஜூலை 16-ந் தேதி சுமார் 35,000 பேர் புறப்பட்டார்கள். கடுமையான வெயில். பழக்கம் இல்லாத கால்கள். வழியில் காட்டுப் பழங்களைக் கண்டால் வரிசையை விட்டுப் பறிக்கப் போனார்கள். தண்ணீரைக் கண்டால் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் கத்தினாலும் பயன் இல்லை.

எதிரே மனாசஸ் என்ற ரயில் சந்திப்பைக் காத்து நின்றது தெற்குப் படை. சுமார் 20,000 பேர். தளபதி பியூரிகார்ட். அவரும் மெக்டவலும் ராணுவக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்து, 1838-ல் ஒன்றாக வெளியே வந்தவர்கள்!

தெற்குக்கு இன்னொரு படையும் இருந்தது. ஜான்ஸ்டன் என்ற தளபதியின் கீழ் சுமார் 11,000 பேர், மலைக்கு அப்பால் ஷெனாண்டோ பள்ளத்தாக்கில் இருந்தார்கள். அவர்களை அங்கேயே மடக்கி வைக்க வேண்டியது பேட்டர்சன் என்ற வடக்குத் தளபதியின் வேலை. அவர் கோட்டை விட்டார். ஜான்ஸ்டன் நழுவினார். தமது சிப்பாய்களை ரயிலில் ஏற்றி மனாசஸுக்கு அனுப்பினார். போர்க்களத்துக்கு ரயிலில் படை வருவது அப்போது புதிது.

மெக்டவலோ வழி பார்க்கவும் உணவு சேர்க்கவும் 2 நாட்களைச் செலவிட்டார். அந்த 2 நாட்களில் ரயில் வண்டி தன் வேலையைச் செய்தது.

இன்னொரு கூத்தும் நடந்தது. சண்டைக்கு முன்னால், ஒரு காலாட்படைப் பிரிவும் ஒரு பீரங்கிப் பிரிவும் "எங்கள் 90 நாள் முடிந்துவிட்டது" என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டன!

காலையில் வெற்றி

ஞாயிறு அதிகாலை 2 மணிக்கே வடக்குப் படை நடக்கத் தொடங்கியது. பாலத்தில் தாக்குவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, பெரும் படையை ஓடையின் மேல்பக்கமாகச் சுற்றி அனுப்பினார் மெக்டவல். நல்ல திட்டம்தான். ஆனால் குன்றின் மேல் இருந்த தெற்கத்திய அதிகாரி ஒருவர், தூரத்தில் பீரங்கி மின்னுவதைக் கண்டு, கொடி அசைத்து எச்சரித்துவிட்டார்.

ஆனாலும் நடுப்பகலில் வடக்கின் கை ஓங்கியது. தெற்குப் படை பின்வாங்கி, ஹென்றி குன்றின் மேல் ஏறியது.

அந்தக் குன்றின் மேல் ஒரு சிறு வீடு. அதில் ஜூடித் ஹென்றி என்ற விதவைக் கிழவி படுத்த படுக்கையாக இருந்தார். வயது 85. பீரங்கிக் குண்டு வீட்டுக்குள் பாய்ந்தது. கிழவி இறந்துபோனார். எந்தப் பக்கமும் சேராத அந்த மூதாட்டிக்கும் யுத்தம் இரக்கம் காட்டவில்லை.

"வெற்றி! வெற்றி!" என்று வாஷிங்டனுக்குத் தந்தி பறந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள்.

சட்டை செய்த குழப்பம்

குன்றின் மேல் ஜாக்ஸன் என்ற தெற்கத்திய தளபதி தம் வீரர்களோடு அசையாமல் நின்றார். "கற்சுவர்போல நிற்கிறார்" என்றார் இன்னொரு தளபதி. அன்று முதல் அவர் பெயர் "கற்சுவர் ஜாக்ஸன்".

அவர்களைத் தகர்க்க வடக்கின் பீரங்கிகள் குன்றின் மேல் ஏறின. அப்போது நீலச் சட்டை போட்ட ஒரு படை அவற்றை நோக்கி வந்தது. "சுடாதே, நம் ஆட்கள்" என்றார் ஓர் அதிகாரி. அவர்கள் எதிரிகள்! மிக அருகில் வந்து சுட்டார்கள். பீரங்கிக்காரர்கள் சுருண்டு விழுந்தார்கள்.

அப்போது இரு படைகளுக்கும் ஒரே மாதிரியான உடை ஒழுங்கு இல்லை. தெற்கிலும் சிலர் நீலம். வடக்கிலும் சிலர் சாம்பல் நிறம். கொடிகளும் தூரத்தில் ஒன்றுபோலவே தெரிந்தன.

மாலை 4 மணி வாக்கில் ரயிலில் வந்த புதிய படைகள் வடக்கின் பக்கவாட்டில் பாய்ந்தன. காலை 2 மணி முதல் கால் கடுக்க நின்ற வடக்குச் சிப்பாய்கள் பின்வாங்கினார்கள்.

ஓட்டமோ ஓட்டம்!

முதலில் மெதுவாகத்தான் திரும்பினார்கள். வழியில் கப்ரன் என்ற ஓடையின் பாலத்தில் ஒரு வண்டி கவிழ்ந்து பாதையை அடைத்தது. குண்டுகள் விழுந்தன. அவ்வளவுதான்! துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடினார்கள். சிப்பாய், பீரங்கி, சீமாட்டியின் வண்டி எல்லாம் ஒரே பாதையில் முட்டி மோதின.

ஆல்பிரட் ஈலி என்ற பாராளுமன்ற அங்கத்தினர் எதிரிகளிடம் பிடிபட்டார். வேடிக்கை பார்க்கப் போனவர் பல மாதம் ரிச்மண்டில் சிறைப்பட்டுக் கிடந்தார்.

அந்த ஓட்டத்தை நேரில் கண்டு எழுதியவர் வில்லியம் ரஸ்ஸல், லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை நிருபர். 1858-ல் நம் நாட்டுக்கு வந்து லக்னோ சண்டையைப் பற்றி எழுதியவரும் இவரே. உள்ளதை எழுதியதற்காக வடக்கு மக்கள் அவர் மீது கோபம் கொண்டார்கள்.

மறுநாள் மழை. வாஷிங்டன் தெருக்களில், வீட்டு வாசற்படிகளில் சோர்ந்து கிடந்தார்கள் சிப்பாய்கள். வடக்கில் சுமார் 460 பேரும், தெற்கில் சுமார் 390 பேரும் மாண்டார்கள்.

என்ன பாடம்?

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. ஊர்க் கூச்சலுக்காக அரைகுறைப் படையை அனுப்பியது முதல் தவறு.

தோல்வியில் இருந்து வடக்கு விழித்துக்கொண்டது. மறுநாளே 5 லட்சம் பேரைப் படையில் சேர்க்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். இப்போது 90 நாள் அல்ல, 3 வருடம். தளபதியும் மாற்றப்பட்டார்.

ஜெயித்த தெற்குப் படையும் களைத்துக் குழம்பிக் கிடந்தது. துரத்திச் சென்று வாஷிங்டனைப் பிடிக்க அதனால் முடியவில்லை. ஆனால் தெற்கில் பலர் யுத்தமே முடிந்தது என்று எண்ணி மகிழ்ந்தார்கள். அந்த எண்ணமும் பொய்த்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஜூலையில் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. நாட்டைப் பிரியாமல் காப்பதே யுத்தத்தின் நோக்கம், அடிமை முறையில் கை வைப்பது அல்ல என்றது அது. யுத்தம் நீண்டது. நோக்கமும் மாறியது. 1863 ஜனவரி 1-ந் தேதி, பிரிந்த மாநிலங்களில் உள்ள அடிமைகள் சுதந்திரர் என்று லிங்கன் அறிவித்தார். 1865 டிசம்பரில் நாடு முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குள் இரு பக்கமும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டுவிட்டார்கள்.

மனாசஸில் வில்மர் மெக்லீன் என்றொருவர் வாழ்ந்தார். அங்கே நடந்த முதல் மோதலிலேயே அவர் வீட்டில் குண்டு விழுந்தது. பின்னர் அவர் குடும்பத்தோடு வெகுதூரத்தில் அப்பமாட்டக்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனார். 1865 ஏப்ரல் 9-ந் தேதி தெற்குத் தளபதி லீ, வடக்குத் தளபதி கிராண்டிடம் சரண் அடைந்தது எங்கே தெரியுமா? அதே மெக்லீன் வீட்டுக் கூடத்தில்!

யுத்தத்தை எட்ட நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தவர்களும், எட்ட ஓடித் தப்பலாம் என்று நினைத்தவரும் ஏமாந்தார்கள். வீட்டுச் சண்டை மூண்டால் அது எல்லார் வாசலுக்கும் வரும்.