கம்பி எண்ணினாலும் கடன் தீராது!
கோர்ட்டு சொன்ன நஷ்டஈடு கைக்கு வருவது எப்படி?

காரைக்கால். 2012-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி இரவு.

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த 23 வயது பெண் என்ஜினீயர், சென்னை திரும்ப பஸ் பிடிக்கக் கிளம்பினார். கூடவே தந்தை. திடீரென்று ஒருவன் அவர் முகத்தில் ஆசிட்டை வீசினான். காதலிக்க மறுத்தார் என்பதுதான் ஆத்திரம்!

இரு கண்களும் போயின. சென்னை ஆஸ்பத்திரியில் 3 மாதம் துடித்த அவர், 2013 பிப்ரவரி 12-ந் தேதி இறந்தார். ஆசிட் வீசியவனுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் காரைக்கால் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது.

சரி, அவன் ஜெயிலுக்குப் போய்விட்டான். வைத்தியச் செலவுக்கு ஊராரிடம் உதவி கேட்டு நின்ற குடும்பத்துக்கு என்ன வழி?

பிந்தி வந்த உத்தரவு

ஆசிட் வீச்சுக்கென்று தனிச் சட்டப்பிரிவு 2013 பிப்ரவரி 3-ந் தேதி முதல்தான் அமலுக்கு வந்தது. குறைந்தது 10 ஆண்டு ஜெயில். அபராதப் பணம் பாதிக்கப்பட்டவருக்கே போகவேண்டும்.

2013 ஜூலை 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு உத்தரவு போட்டது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு குறைந்தது ரூ.3 லட்சம் தரவேண்டும். ரூ.1 லட்சம் 15 நாளில்; மீதி 2 மாதத்தில். காரைக்கால் பெண் கண்மூடி அப்போது 5 மாதம் ஆகிவிட்டது.

குற்றவாளியிடம் வசூல்

எந்த வழக்கானாலும் நஷ்டஈட்டுக்கு வழி இரண்டு. முதல் வழி, குற்றவாளியின் பை. அபராதத்தில் ஒரு பங்கையோ முழுவதையுமோ பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். அபராதம் போடாத வழக்கிலும் தனியாக ஒரு தொகை கட்டச் சொல்லலாம். அவனால் கட்ட முடியுமா என்று பார்த்து, தவணையும் கொடுக்கலாம்.

அபராதத்திலிருந்து வரும் பணம் உடனே கிடைத்துவிடாது. அப்பீல் கெடு முடியவேண்டும். அப்பீல் போட்டால் அதுவும் தீரவேண்டும்.

கட்டாவிட்டால்? சொத்து ஜப்தி! நிலவரி பாக்கியைப்போல் கலெக்டர் மூலம் வசூல்! கூடுதல் ஜெயிலும் உண்டு என்று 1988-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. "அந்த ஜெயிலையும் அனுபவித்துவிட்டேன், கணக்கு தீர்ந்தது" என்று கைகழுவவும் முடியாது. நஷ்டஈட்டுப் பாக்கி அப்படியே நிற்கும் என்று 2017-ல் தீர்ப்பாகிவிட்டது.

அரசு நிதி

அவனிடம் சல்லிக்காசு இல்லை. அல்லது ஆளே சிக்கவில்லை. அப்போதுதான் இரண்டாவது வழி. 2009 டிசம்பர் 31 முதல் அரசு நிதியிலிருந்து நஷ்டஈடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்திலும் 396-வது பிரிவாக இது தொடர்கிறது.

பாதிக்கப்பட்டவரோ, அவரை நம்பி வாழ்ந்தவர்களோ சட்டப்பணிகள் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். விசாரணையை 2 மாதத்தில் முடிக்கவேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்படவேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. ஆசிட் காயத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரியும் காசு கேட்காமல் சிகிச்சை தரவேண்டும்.

முதல் தகவல் அறிக்கை நகலையும், ஆஸ்பத்திரி சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. கேட்காமல் கிடந்தால் பணம் வீடு தேடி வராது. காரைக்கால் பெண்ணுக்குச் சட்டம் பிந்தியது. இனி ஒருவருக்கு மனு பிந்தக்கூடாது.