பாலைவனத்தில் செம்பருத்தியின் சொந்தக்காரர்

குட்டீஸ், ஒரு செம்பருத்திப் பூவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா? மகரந்தத் தாள்கள் எல்லாம் அடியில் ஒன்றாக ஒட்டி, சூலகத் தண்டைச் சுற்றி ஒரு குழாய்போல நிற்கின்றன. இதை நன்றாகப் பார்த்து வையுங்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் நமக்கு உதவும்.

கலிபோர்னியாவில் ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்றொரு இடம். 1913 ஜூலையில் அங்கே வெயில் 56.7 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையோ சராசரியாக 5 சென்டிமீட்டர், உங்கள் சுண்டுவிரல் உயரம்தான்! ஆனாலும் மண்ணுக்குள் விதைகள் உயிரோடு காத்துக் கிடக்கின்றன. பல விதைகளின் தோலில் முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள் உண்டு. சும்மா தூறினால் அது போகாது. நல்ல மழை பெய்து கழுவினால்தான் விதை கண் திறக்கும். ஏமாந்து முளைத்துக் கருகிவிடாமல் இருக்க எவ்வளவு நல்ல ஏற்பாடு! 2015 அக்டோபரில் அப்படி மழை கொட்டியது. 2016 வசந்தத்தில் பள்ளத்தாக்கே பூத்துக் குலுங்கியது.

இத்தனை பூக்களில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ‘இது யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேளுங்கள்.

இதோ, உருண்டைக் கிண்ணம்போல ஒரு இளஞ்சிவப்புப் பூ. ஐந்து இதழ், ஒவ்வொன்றின் அடியிலும் குங்குமம் தொட்டு வைத்ததுபோல ஓர் அடர்சிவப்புப் பொட்டு. அதனால் பெயரே ‘ஐம்பொட்டுப் பூ’. உள்ளே எட்டிப் பார்த்தால், அதே குழாய்! செம்பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் இதற்குச் சொந்தம்.

தரையோடு படர்ந்து, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் கொத்தாகப் பூத்திருக்கிறதே, அது மணல் வெர்பினா. பெயரைக் கேட்டு வெர்பினாக் குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் அந்திமந்தாரையின் உறவு அது. இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும், மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். மஞ்சள் கம்பளம் விரித்ததுபோலத் தெரிவது பாலைத் தங்கம், சூரியகாந்தி வீட்டுப் பிள்ளை.

எனக்கு மிகவும் பிடித்தது பேய்ப்பூ. வெளிர்மஞ்சள், கண்ணாடிபோல மெல்லிய இதழ்கள். இதே பகுதியில் பூக்கும் மணல் தீவிண்மீன் என்ற பூவும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். தீவிண்மீனில் தேன் உண்டு, பேய்ப்பூவில் கிடையாது. அப்படியானால் பேய்ப்பூவுக்கு வண்டு, தேனீ எது வரும்?

பேய்ப்பூவின் உள்ளே சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. தீவிண்மீனைத் தேடி வரும் ஒருவகைத் தேனீயின் ஆணுக்கு அந்தப் புள்ளிகள், பெண் தேனீ ஒன்று பூவுக்குள் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆசையாக உள்ளே நுழையும். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

தேனீ ஏமாறலாம், நீங்கள் ஏமாற வேண்டாம். மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். தீவிண்மீனில் எண்ண முடியாத அளவுக்குக் குஞ்சம்போல இருக்கும். பேய்ப்பூவில் இரண்டே இரண்டு. பறிக்க வேண்டாம், அது தேசியப் பூங்கா. மண்டியிட்டுக் குனிந்தாலே தெரியும். அதற்குள் அந்த ஆண் தேனீ முதுகில் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பேய்ப்பூவுக்குப் பறந்திருக்கும்.