பாதமும் பாதரட்சையும்

காவிரியாறு இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுகூடும் தீவுகளில் அரங்கநாதர் பள்ளிகொண்ட தலங்கள் மூன்று உண்டு. மைசூருக்கு அருகிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆதிரங்கம் என்றும், சிவசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், நம் திருவரங்கத்தை அந்தியரங்கம் என்றும் கூறுவர். பெங்களூரிலும் மைசூரிலும் குடியேறி வாழும் தமிழன்பர்கள், ஊருக்குப் போய் வர இயலாத நாட்களில், இந்த ஆதிரங்கத்தையே தங்கள் திருவரங்கமாக எண்ணிக் குடும்பத்துடன் சென்று சேவித்து வருவது வழக்கம்.

கோபுர வாயிலில் எல்லோரும் செருப்பைக் கழற்றுகிறார்கள். நகரத்துப் பள்ளியில் படிக்கும் பேரன், காலை முதல் மாலை வரை சப்பாத்துக்குள் அடைபட்ட தன் பாதத்தைக் கல்தளத்தில் வைத்தவுடன் கூசிக் குதிக்கிறான். இருபது ஆண்டுகளாக நீரிழிவு உள்ள பாட்டனாரோ, நண்பகல் வெயிலில் காய்ந்த அதே கல்லின்மேல் சிறிதும் முகஞ்சுளிக்காமல் நடந்து செல்கிறார். பார்ப்பவர்கள் பேரனைக் கண்டு நகைத்து, பாட்டனாரின் உறுதியை மெச்சுவார்கள். உண்மையில் கவலைக்குரியவர் பாட்டனாரே. கூசும் பாதத்துக்குப் பயிற்சி போதும்; கூசாத பாதத்துக்குக் காவல் வேண்டும். வெறுங்காலுடன் நடப்பது நன்மையா தீமையா என்னும் வினாவுக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் பாதத்தின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றைத் தசைகளும் தசைநார்களும் இழுத்துப் பிடித்து, உட்புறத்தில் ஒரு வளைவாக நிறுத்துகின்றன. பாலத்தின் வளைவு பாரத்தைத் தாங்குவதுபோல் இவ்வளைவு உடலின் எடையைத் தாங்குகிறது. குழந்தை பிறக்கும்போது இது வெளியே தெரிவதில்லை. பாதத்தின் அடியில் கொழுப்புத் திரண்டு, தட்டையாகவே காணப்படும். நடக்கத் தொடங்கிய பின், பத்து வயதுக்குள் பெரும்பாலோர்க்கு வளைவு சிறிது சிறிதாக உருவாகிவிடுகிறது. விரல்கள் தரையைப் பற்றுவதும், மேடுபள்ளத்துக்கு ஏற்பப் பாதம் வளைந்து கொடுப்பதும், பாதத்தின் சிறு தசைகளுக்கு அன்றாடப் பயிற்சியாகின்றன. இறுக்கமான சப்பாத்து இந்தப் பயிற்சியைக் குறைத்துவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. கர்நாடகத்து மணிப்பாலில் உள்ள கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்னும் இரு மருத்துவர்கள், 4 வயது முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் காலடிச் சுவடுகளைப் பதித்து ஆராய்ந்து, 1992ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளில் 100க்கு 8.6 பேரிடம் தட்டைப் பாதம் காணப்பட்டது. அணியாத குழந்தைகளில் 100க்கு 2.8 பேரிடமே காணப்பட்டது. விரல்களை மூடிய சப்பாத்து அணிந்தவர்களிடம் இது மிகுதியாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும், வெறுங்காலுடன் திரிந்தவர்களிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. வயது வந்தோர் 1,846 பேரிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட மற்றோர் ஆய்விலும், 16 வயதுக்குப் பின்னரே காலணி அணியத் தொடங்கியவர்களிடம் தட்டைப் பாதம் குறைவு என்பது தெரியவந்தது. 2009இல் வெளியான வேறோர் ஆராய்ச்சி, வெறுங்காலுடன் நடந்தே பழகிய தென்னிந்தியர்களின் பாதம் முன்புறம் அகன்றிருப்பதையும், நடக்கும்போது எடை பாதம் முழுவதும் ஓரளவு சமமாகப் பரவுவதையும் காட்டியது.

தட்டைப் பாதம் என்றவுடன் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. குழந்தையின் பாதத்தை நனைத்து, உலர்ந்த தரையில் நிற்கச் செய்து சுவட்டைப் பாருங்கள். உட்புறம் ஒடுங்காமல் முழுப் பாதமும் பதிந்தால், குழந்தையைக் குதிகாலைத் தூக்கி முன்விரல்களில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தோன்றி, வலியும் இல்லையென்றால், அது பெரும்பாலும் மருத்துவம் வேண்டாத பாதமே. வலியிருந்தாலும், பாதம் விறைத்து வளையாமல் இருந்தாலும், மருத்துவரிடம் காட்டுவதே முறை.

வெறுங்காலுடன் நடந்தால் தோல் தடித்து உணர்ச்சி குன்றிவிடுமே என்று சிலர் வினவக்கூடும். கென்யா நாட்டு மக்களிடம் செய்த ஆராய்ச்சி ஒன்று 2019இல் இதற்கு விடை கூறியது. பழக்கத்தால் தடித்த தோல் பாதத்தைக் காக்கிறது. ஆயினும் தரையின் அதிர்வை உணரும் ஆற்றலை அது குறைப்பதில்லை. ஆகவே, உழவரின் தடித்த பாதம் வேறு. நீரிழிவினால் மரத்துப்போன பாதம் வேறு. முன்னதில் நரம்பு விழித்திருக்கிறது, பின்னதில் உறங்கிவிட்டது.

இந்த உறக்கத்தின் ஆபத்தை உலகுக்கு விளக்கிய இடங்களுள் முதன்மையானது நம் வேலூர். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரிடையே பணியாற்றினார். தொழுநோய் சதையைத் தானே அழுகச் செய்கிறது என்று மக்கள் நம்பிய காலம் அது. வலி தெரியாமையே புண்ணுக்கு முதற்காரணம் என்பதை அவரும் அவருடைய தோழர்களும் எடுத்துக் காட்டினார்கள். முள் குத்தினாலும், கல் உறுத்தினாலும், நெருப்புச் சுட்டாலும் அறியாமல் அதே இடத்தை மீண்டும் மீண்டும் ஊன்றி நடப்பதால்தான் பாதம் சிதைகிறது. அத்தகைய பாதங்களுக்கென நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரால் செருப்புகள் செய்து கொடுத்தார்கள். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் நீரிழிவு நோயாளர் வாங்கி அணிவது அவ்வகைச் செருப்பையே.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பதை வீட்டிலேயே சோதித்தறிய எளிய வழி ஒன்றை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்துள்ளனர். பெரியவரைக் கண்ணை மூடிப் படுத்திருக்கச் சொல்லுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறு விரல்களின் நுனியை, ஒன்றன்பின் ஒன்றாக, உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மென்மையாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டா. தொடும்போதெல்லாம் அவர் சொல்ல வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் தொடுதலை அவர் உணரவில்லையென்றால், அவர் வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கலாகாது. மருத்துவரையும் விரைவில் காண வேண்டும்.

இனி, பாதம் நலமாக இருந்தாலும் தரை நலமாக இருக்கிறதா என்பதையும் கருத வேண்டும். மதுரையின் பெயரைத் தாங்கிய நோய் ஒன்று உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. மதுரைக் கால் என்பது அதன் பெயர். கில் என்ற மருத்துவர் 1842இல் மதுரைப் பகுதியில் கண்டு எழுதியதனால் அப்பெயர் வழங்கலாயிற்று. வெறுங்காலில் முள் குத்தும்போது மண்ணிலுள்ள காளான் வகைகளோ நுண்ணுயிர்களோ உள்ளே புகுந்து, பல மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் பின்னர்ப் பாதம் வீங்கிப் புரையோடி, எலும்பையும் அரிக்கும். கொக்கிப்புழுவின் இளம் புழுக்களும் ஈரமான, மலங்கலந்த மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்தே உடலுள் புகுகின்றன. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்த நெல்வயல், கரும்புத் தோட்டம் போன்ற நீர்வளமுள்ள நிலங்களில் எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலுக்கும் காலிலுள்ள சிறு வெடிப்பே வாயிலாகலாம். பாம்புக் கடியும் பெரும்பாலும் காலிலேயே நேர்கிறது. ஆதலால், வயலிலும் புதரிலும் தெருச் சாக்கடையோரத்திலும் வெறுங்கால் நடை நன்மையன்று. துருப்பிடித்த ஆணியோ முள்ளோ தைத்தால் இசிவுநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்டறிவது கடமை.

வெப்பமும் கருதத்தக்கது. 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பொருளைத் தோல் சில விநாடிகள் தொட்டிருந்தாலே தீப்புண் உண்டாகும். கோடையின் நண்பகலில் கருங்கல் தளம் பாதத்தைச் சுடும் அளவுக்குக் காய்ந்துவிடும். உணர்ச்சியுள்ளவர் காலை எடுத்துவிடுவார், உணர்ச்சியற்றவர் எடுக்கமாட்டார். கொப்புளத்தை இரவில் படுக்கும்போது பிள்ளைகள் கண்டு சொன்னால்தான் அவருக்கே தெரியும். எனவே நீரிழிவுள்ள பெரியவர்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வோர் விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பின்னரோ செல்லுதல் நலம். கயிற்று விரிப்பு போட்ட பாதை இருந்தால் அதன்வழியே நடத்திச் செல்லுங்கள். கோயில் வழக்கம் இடங்கொடுத்தால் தடித்த பருத்திக் காலுறை அணிவிக்கலாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். பெரியவருக்கு இதனால் பக்தி குறைந்துவிடாது.

நலமான பாதமுடையோர்க்குச் சில எளிய முறைகளைக் கூறலாம். வீட்டு வாயிலில் செருப்பை விட்டு உள்ளே வருவது நாம் எந்த ஊருக்குச் சென்றாலும் உடன் கொண்டு சென்ற பழக்கம். மும்பையின் அடுக்குமாடியிலும் தில்லியின் அரசாங்கக் குடியிருப்பிலும் அதனைக் கைவிட வேண்டா. பள்ளி சப்பாத்து அணியச் சொன்னால் குழந்தை அணியட்டும்; வீடு வந்ததும் கழற்றிவிட்டு ஓடியாடட்டும். சப்பாத்து வாங்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா, விரல்கள் அகன்று பரவ முடிகிறதா என்று பாருங்கள். நெடுநாள் சப்பாத்துக்குப் பழகிய பெரியவர்கள், சுத்தமான புல்தரையிலோ மணலிலோ நாளொன்றுக்குப் பத்து நிமிடம் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஒரே நாளில் நெடுந்தூரம் நடந்தால் குதிகால் வலியே மிஞ்சும். நடந்த பின் பாதத்தைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவினால் வெடிப்புக் குறையும். விரலிடுக்கில் தடவ வேண்டா. நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

பாதரட்சை என்ற சொல்லுக்குப் பாதத்தைக் காப்பது என்று பொருள். காக்க வேண்டிய இடத்தில் அதனை அணிய வேண்டும். காப்பு வேண்டாத இடத்தில் பாதத்தைத் தன் வேலையைச் செய்யவிட வேண்டும். இவ்விரண்டையும் பகுத்தறியத் தரையைக் கண்ணால் பார்ப்பதும், பாதத்தின் உணர்ச்சியைக் கையால் தொட்டறிவதும் போதும். இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவரின் ஆறு விரல்களையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.